ஓடாத நானூறு மீட்டர்

தப்பு நூலகருடையது. அதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு கிடையாது, அவருக்கும் கிடையாது.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம் மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் கிளம்பும். முந்நூறு மீட்டர் ஓடி வந்து முடிவுக்கோட்டை ஒரு தடவை தாண்டுவார்கள். அதற்கப்புறம் முழுசாக மூன்று சுற்று. கடைசிச் சுற்று தொடங்கும்போது ஒருவர் மணி அடிக்க வேண்டும். அந்த வேலையை மேட்டுக் கல்லூரி நூலகரிடம் கொடுத்திருந்தார்கள். நிதானமான மனிதர், சத்தம் போட்டுப் பேசவே மாட்டார் என்று கொடுத்தார்களாம். மணி அடிக்கிற ஆளுக்கு இந்தத் தகுதியெல்லாம் எதற்கு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

"பொண்ணுங்க முடிவுக்கோட்டைத் தாண்டும்போதெல்லாம் தாள்ல ஒரு கோடு போடுங்க சார். மூணாவது கோடு விழுந்ததும் மணி அடிங்க. அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார வைத்தார்கள்.

இருபத்தாறு வருஷமாக, புத்தகம் வெளியே போகும்போது ஒரு கோடு, திரும்பி வரும்போது ஒரு கோடு என்று போட்டுப் பழகிய கை அது. துப்பாக்கி வெடித்து எட்டுப் பெண்கள் கிளம்பியதும் கை தன்பாட்டுக்கு ஒரு கோடு இழுத்துவிட்டது. வெளியே போயிருக்கிறார்கள் அல்லவா? முந்நூறு மீட்டரில் இன்னொன்று, எழுநூறில் இன்னொன்று. மூன்றாகிவிட்டது. மனிதர் எழுந்து நின்று, வாழ்நாள் முழுக்க அடக்கி வைத்த சத்தத்தையெல்லாம் சேர்த்து மணியை அடி அடியென்று அடித்தார்.

இன்னும் இரண்டு சுற்று பாக்கி இருக்கும்போது கடைசிச் சுற்றுக்கான மணி! எட்டுப் பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தார்கள். ஆயிரத்து நூறாவது மீட்டரில் நாடா பிடித்திருந்தார்கள். பாலத்தடிக் கல்லூரியில் அணில் என்று பட்டப்பெயர் வாங்கியவள் முதலாவது. மேட்டுக் கல்லூரி ஒட்டகம் ஒரு மார்பளவு பின்னால் இரண்டாவது. மூன்றாவதாக வந்தவள் முப்பது மீட்டர் தள்ளி. எல்லாரும் விழுந்து புரண்டு எழுந்த பிறகுதான் நேரம் பார்த்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம் இருபது நொடி. அந்த நேரத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடிய பெண் உலகத்திலேயே கிடையாது. ஒரு கணம் அவர் சந்தோஷத்தில் துள்ளிவிட்டார், பிறகு சந்தேகம் வந்து விரல் விட்டு எண்ணினார்.

தலைமை நடுவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அங்குலத்துக்கு அங்குலம் பார்த்தே நரைத்த தலை. அவர் சொன்ன தீர்ப்பு இதுதான்: மாலை ஐந்து மணிக்கு மறுபடி ஓடலாம். அல்லது, முதலில் வந்த இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், வந்த வரிசையே நிற்கும். மற்ற ஆறு பேருக்கும் எதுவானாலும் சரிதான், ஏனென்றால் பல்கலைக்கழக அணியில் இந்த ஓட்டத்துக்கு ஒரே ஒரு இடம். அது இந்த இருவரில் ஒருத்திக்கு என்பது மைதானத்துப் புல்லுக்கும் தெரியும்.

"நாலரைக்குள்ள சொல்லிடுங்க" என்றார்.

அணில் கையெழுத்துப் போடத் தயார். ஜெயித்தவள் போடாமல் என்ன செய்வாள்? ஆகவே எல்லாம் ஒட்டகத்தின் கையில் வந்து நின்றது.

ஒட்டகத்துக்கு அந்த இடம் வேண்டும். வேண்டும் என்றால் சாதாரணமாக இல்லை. அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். எதையும் மாடிக் கணக்கில்தான் பேசுவார். "மேல போறதுன்னா போ. இல்லன்னா கீழ எறங்கு. நடுவுல மட்டும் நிக்காதம்மா, எல்லாருக்கும் கஷ்டம்" என்று சொல்லியிருந்தார். அதாவது, கல்லூரி முடிகிறது. அணியில் இடம் கிடைத்தால் ஓடட்டும், கிடைக்காவிட்டால் ஸ்பைக்ஸ் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வருகிற திங்கட்கிழமையிலிருந்து சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார வேண்டும். ஒட்டகம் சரியென்று தலையாட்டியிருந்தாள். தலையாட்டும்போது ஜெயித்துவிடுவோம் என்று நினைத்திருந்தாள்.

மூன்று வருஷத்தில் இருவரும் பதினொரு தடவை மோதியிருக்கிறார்கள். ஆறு ஒட்டகத்துக்கு, ஐந்து அணிலுக்கு. ஒட்டகம் நெடுநெடுவென்று வளர்ந்தவள், தண்ணீர் குடிக்காமலே ஓடுவாள், முதல் அடியிலிருந்து முன்னால் நின்று ஓடுகிற ஆள். அணில் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்து கடைசி நூறு மீட்டரில் சுருக்கென்று தாவுகிற ஆள். இரண்டு கல்லூரிகளும் பஸ் ஜன்னல் வழியாக ஒன்றையொன்று கேலி செய்யாத நாள் கிடையாது. ஆனால் இந்த இரண்டு பேரும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு, உயரம் தாண்டுகிறவர்கள் விழுகிற பெரிய பஞ்சு மெத்தையில் தலைக்குத் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, ஓடாத ஓட்டங்களை ஓடிக்கொண்டிருப்பார்கள்.

ஆயிரத்து நானூறு மீட்டராக இருந்திருந்தால் யார்? மழை பெய்திருந்தால்? காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்திருந்தால்? ஒட்டகத்தின் ஷூ லேஸ் அவிழாமல் இருந்திருந்தால்? இந்த விளையாட்டுக்கு ஒரே ஒரு விதி. அவரவர் உடம்பைப் பற்றி மட்டும் அவரவர் சொல்ல வேண்டும், அதையும் பொய்யில்லாமல் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கினால் வாங்குகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வருஷத்தில் யாரும் அந்த விதியை மீறியதில்லை. நிஜ ஓட்டத்தில்கூட இவ்வளவு நேர்மை இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அன்றைக்கு ஒட்டகம் போனபோது அணில் முன்னாலேயே வந்து படுத்திருந்தாள். வழக்கமாக ஓடி வந்து தொப்பென்று குதித்து மெத்தையையே ஒரு குலுக்குக் குலுக்குகிறவள், ஒரு காலை மடித்து, கைகளை நெஞ்சில் கோத்து, சமர்த்தாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்துகள் வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் மர நிழல். மேகங்கள் எங்கோ வேலை இருப்பதுபோலவும் அவசரமில்லாததுபோலவும் போய்க்கொண்டிருந்தன. ஒலிபெருக்கியில் யாரோ எதையோ எறிந்த தூரத்தை வாசித்தார்கள். அந்தக் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"பேசாம கையெழுத்துப் போட்டுடுடீ" என்றாள் அணில். "எத்தனை தடவை ஓடினாலும் இன்னிக்கு நான்தான்."

"வாயால ஓடறதுன்னா நீ எப்பவும் ஃபர்ஸ்ட்தான்."

"மணி சரியா அடிச்சிருந்தாலும் நான்தான்."

"எப்படி? நாலாவது நூறு மீட்டர்லயே உனக்கு மூச்சு விசில் அடிச்சுது. என் முதுகுக்குக் கேட்டுது."

"விசில் அடிச்சா நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

"குக்கர் மாதிரியா?"

அணில் சிரித்தாள். மெத்தை லேசாகக் குலுங்கியது. பிறகு நிறுத்திக்கொண்டு, "சரி, ஓடிப் பாத்துடலாம்" என்றாள். "எழுநூறுலேருந்து. மணி அடிக்கல. நூலகர் சார் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கார். நான் ஜெயிச்சா நீ கையெழுத்துப் போடணும். நீ ஜெயிச்சா அஞ்சு மணிக்கு நிஜமா ஓடறோம்."

"விதி?"

"அதே விதிதான். பொய் கிடையாது."

இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

எழுநூறு. மணி அடிக்கவில்லை. கோட்டைத் தாண்டுகிற எட்டு ஜோடிக் கால்களின் சத்தம் மட்டும். சுண்ணாம்புத் தூள் வாசனை. இந்த இடத்தில் ஒட்டகத்துக்கு உள்ளே சுருக்கென்று ஏதோ குத்தியது. அவள் அதைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

"நான் முன்னாடி" என்றாள். "உள்பக்கக் கோட்டை ஒட்டி. மூச்சு ரெண்டுக்கு ரெண்டு. தோள் எறங்கி இருக்கு. சுகமா இருக்கு."

"நான் உன் வலது தோளுக்குப் பின்னாடி, ஒரு கை தூரம். காத்து உன் மேல அடிக்குது, என் மேல இல்ல. நன்றி."

"ரொம்ப சந்தோஷம். வளைவு."

"வளைவு. மூணாவது ஆள் விலகிட்டா. காலடிச் சத்தம் தூரமா போயிடுச்சு."

ஒட்டகத்தின் குதிகால்கள் பஞ்சை மெதுவாகத் தட்ட ஆரம்பித்தன. அவள் தட்டவில்லை, அவையே தட்டின. கண்ணிமைக்குள் வெளிச்சம் சிவப்பாக ஊறியது. மைதானம் வெறுமையாக, யாருமே இல்லாமல், இவர்கள் இரண்டு பேருக்காக மட்டும் விரித்துப் போட்டதுபோல் இருந்தது. இப்படியே ஓடிக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! திங்கட்கிழமை என்று ஒன்று வரவே வேண்டியதில்லை.

ஆயிரம். ஆயிரத்து ஐம்பது. ஆயிரத்து நூறு.

"மணி" என்றாள் அணில் மெதுவாக.

"மணி. எடுக்கறேன்."

"வந்துட்டேன். விடல."

"தொடை கனக்குது, ஆனா வருது. எதிர்ப்பக்க நேர்ப்பாதை. நீ?"

"மூச்சு வாங்குது. ஒப்புக்கறேன். ஆனா ஒரு கை தூரம்தான். அதே ஒரு கை."

"இன்னும் இருநூறு. வாய் காஞ்சுபோச்சு. முழுசா எடுக்கறேன். தோள் தூக்கிடுச்சு."

"பாக்கறேன். தூக்கிடுச்சு."

"கடைசி வளைவு. வெளிய வரேன். நூறு மீட்டர் இருக்கு. இங்கதான் நீ தாவுவ. சொல்லு."

பதில் இல்லை.

"அணிலே. எங்க இருக்க?"

"வரேன்."

"இன்னும் வரலியா?"

மேகம் ஒன்று விலகி முகத்தில் வெயில் விழுந்தது. ஒட்டகம் கண்ணைத் திறக்கவில்லை. அவள் அந்த நேர்ப்பாதையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் காலடிச் சத்தம் இல்லை. பதினொரு ஓட்டத்தில் இந்த இடத்தில் ஒருநாளும் அந்தச் சத்தம் இல்லாமல் இருந்ததில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

"கால் வரலடீ" என்றாள் அணில். குரல் உடைந்திருந்தது. "மனசுக்குள்ளகூட வர மாட்டேங்குது."

ஒட்டகம் எழுந்து உட்கார்ந்தாள். அணில் மடித்து வைத்திருந்த காலைப் பார்த்தாள். தொடையின் பின்பக்கம், கால்சட்டை விளிம்புக்குக் கீழே வீங்கிக் கன்றியிருந்தது.

"எப்ப?"

"நாடாவுக்குப் பத்தடி முன்னாடி. நூல் அறுந்த மாதிரி ஒரு சத்தம். விழுந்து புரண்டேன் பாரு, எல்லாரும் சந்தோஷத்துல புரள்றேன்னு நெனச்சாங்க."

"யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா நீ அஞ்சு மணி ஓட்டம் கேப்ப. கேட்டா இடம் உனக்கு. யுனிவர்சிட்டிங்க மோதற போட்டி ஏழு வாரம் கழிச்சுத்தான், அதுக்குள்ள கால் சரியாயிடும். இன்னிக்கு மட்டும் தாண்டினா போதும். அதான் உன்னைப் பேசியே மடக்கிடலாம்னு வந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "நிஜத்துல பொய் சொல்லிடலாம்போல. இதுல சொல்ல வரல."

ஒட்டகத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? ஐந்து மணிக்கு ஓட்டம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இடம் அவளுடையது. நடந்து போனாலும் அவளுடையது. மூன்று விநாடி அந்தச் சந்தோஷம் இருந்தது. நான்காவது விநாடியில் எழுநூறு மீட்டரில் குத்திய அது மறுபடி குத்தியது.

ஏனென்றால் அவளுக்குத் தெரியும். மணி அடித்த அந்தக் கணமே தெரியும்.

அவள் சுற்றுகளை எண்ணுவது அப்பாவிடம் கற்ற மாடிக் கணக்கில். முந்நூறில் மூன்றாவது மாடி, எழுநூறில் இரண்டாவது, ஆயிரத்து நூறில் ஒன்றாவது, பிறகு தரை. நூலகர் மணி அடித்தபோது அவள் இரண்டாவது மாடியில் இருந்தாள். 'தப்பு' என்று கத்தியிருக்கலாம். கையை ஆட்டியிருக்கலாம். அதற்குள் மனசுக்குள் ஒரு சின்னக் கணக்கு ஓடியது: நான் சும்மா இருந்தால் அணில் இருப்பதையெல்லாம் இந்தச் சுற்றிலேயே கொட்டிவிடுவாள், நான் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளலாம், நிஜமான கடைசிச் சுற்றில் அவளிடம் ஒன்றும் இருக்காது. ஆகவே அவளும் பறப்பதுபோல் பாவனை செய்தாள். அணில் தாண்டிப் போனபோது விட்டுக்கொடுத்தாள். ஆனால் நாடாவுக்கு அப்பால் எல்லாரும் நின்றுவிட்டார்கள், விழுந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள். ஓடு ஓடு என்று மனசு சொன்னது. ஊரே நிற்கும்போது தனியாக ஓட வெட்கமாக இருந்தது. நின்றுவிட்டாள்.

"நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

"போடாத." அணில் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "பரிதாபப்பட்டுப் போடறதா இருந்தா போடவே போடாத. ஏமாத்தப் பாத்தேன், முடியல. அதுக்காக நீ குடுத்து நான் வாங்கிக்கறதா? அஞ்சு மணிக்கு ஒத்தக் கால்ல வந்து நிப்பேன். போ, போய்ச் சொல்லு."

"பரிதாபம் இல்லடீ."

"பின்ன?"

"மணி தப்புன்னு எனக்குத் தெரியும். அடிச்சப்பவே தெரியும்."

அணில் அவள் தோளைப் பார்த்தாள். ஒலிபெருக்கி யாரையோ கூப்பிட்டுவிட்டு அடங்கியது.

"அதான் தோள் தூக்கவே இல்ல" என்றாள் கடைசியில். "நீ நிஜமா எடுத்தா ரெண்டு தோளும் காதுக்கு வரும். இன்னிக்கு வரல. நான் என்னடான்னா, பாவம், இவளுக்கு உடம்பு சரியில்லபோலன்னு நெனச்சேன். உனக்காக ஒரு நிமிஷம் வருத்தப்பட்டேன், தெரியுமா? ஓடிட்டே."

"மன்னிச்சுக்கோ."

"உன் கணக்கு, என் கால்." அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "இனிமே இருந்திருந்தா, அடிச்சிருந்தான்னு எங்கிட்ட வராத. அந்த விளையாட்டு முடிஞ்சுபோச்சு."

"இன்னும் நூறு மீட்டர் இருக்கே" என்று ஒட்டகம் சொன்னாள். அசட்டுத்தனமாகத்தான் சொன்னாள். வேறு எதுவும் வாயில் வரவில்லை. அணில் திரும்பவில்லை.

நடுவர் மேஜை வரைக்கும் நூற்றிருபது அடி இருக்கும். அதை எண்ணிக்கொண்டே நடந்தாள். வேலிக்கு அப்பால் அப்பா நின்றிருந்தார். வேலைக்கு நடுவில் வந்திருக்கிறார், சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் நீட்டிக்கொண்டிருந்தது. மேஜையில் அளவையாளர் தாளை நேராக வைத்து, அதற்கு இணையாகப் பேனாவையும் வைத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் நூலகர், மணியை மடியில் வைத்துக்கொண்டு, துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார்.

"கையெழுத்தா, ஓட்டமாம்மா?"

"ரெண்டும் இல்ல சார். மணி தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் ஓடினேன்."

அளவையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "எப்பவே?"

"அடிச்ச உடனே சார். அவ களைச்சுப் போகட்டும்னு சும்மா இருந்தேன்."

நூலகரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பழியில் பங்கு எடுத்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்துவிட்டது! அடுத்த கணமே அதற்கு வெட்கப்பட்டு, மணியைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். நல்ல மனிதர்.

"தெரியாம ஏமாந்தவங்களுக்குத்தான் மறு ஓட்டம்" என்றார் அளவையாளர், ஒவ்வொரு வார்த்தையாக அளந்து. "தெரிஞ்சே ஓடினவங்களுக்கு அதைக் கேக்கற உரிமை இல்ல. வந்த வரிசை வந்த வரிசைதான். இதை நீ சொல்லாம இருந்திருக்கலாமேம்மா?"

"தெரியும் சார்."

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தாள். அழுகை வேலிக்குப் பக்கத்தில் போனபிறகுதான் வந்தது. ஆசைப்பட்டது போய்விட்டது, இருந்த ஒரே தோழியும் போய்விட்டாள். இரண்டும் அவள் செய்துகொண்டதுதான், யாரைத் திட்டுவது?

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "தெரிஞ்சும் சொல்லலியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

"இல்லப்பா."

"இப்ப சொல்லிட்ட."

"ம்."

"திங்கட்கிழமை ஒம்பது மணிக்குக் கடை. சித்தப்பா லேட்டா வந்தா கத்துவான்" என்று சொல்லி, தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தார். அன்றைக்கு அவள் பாட்டில் முழுவதையும் குடித்தாள். பஸ்ஸில் மேட்டுக் கல்லூரிக்காரிகள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று வழி முழுக்க அவளை வறுத்தெடுத்தார்கள்.

சித்தப்பாவின் கடை நீளமாக, குறுகலாக, சுவர் முழுக்கக் கண்ணாடிகளும் நிலைக்கண்ணாடிகளுமாக இருக்கும். வெயில் சாயும்போது எல்லாக் கண்ணாடிகளிலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் ஏறும். யாரோ நூறு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருக்கும். ஒட்டகம் எள்ளளவு திருகாணிகளை முடுக்கக் கற்றுக்கொண்டாள். வில்லைகளை மெல்லிய துணியால் துடைத்தாள். எழுத்து அட்டைக்கு முன்னால் பெரியவர்களை உட்கார வைத்து, "கீழ் வரி தெரியுதா? அதுக்கு மேல?" என்று பொறுமையாகக் கேட்டாள். அவளுக்கு நல்ல கை என்று சித்தப்பா சொன்னார். நாற்காலியிலிருந்து அட்டைவரைக்கும் அவள் காலுக்கு நாலு எட்டு. ஸ்பைக்ஸை வீட்டுப் பரணில் போட்டுவிட்டாள். சாயங்காலங்களில் மட்டும், வெளிச்சம் ஏறுகிற அந்த நேரத்தில், காலடிச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டிருப்பாள். அது எதற்கு என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

எட்டாவது வாரம், அப்படி ஒரு சாயங்காலம், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அணில் உள்ளே வந்தாள். நொண்டவில்லை. தோளில் பை. நேராகப் போய்ப் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கண் பாக்கணும்."

ஒட்டகம் அட்டையின் விளக்கைப் போட்டாள். அணில் மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை ஒரே மூச்சில் படித்தாள். அதற்கும் கீழே, அச்சடித்தவர் போட்டிருந்த எறும்பு எழுத்தையும் படித்தாள்.

"உனக்குக் கண்ணாடி தேவையில்ல" என்றாள் ஒட்டகம்.

"தெரியும்."

ஒட்டகம் அட்டையின் விளக்கை அணைத்தாள்.

"ஆறாவது வந்தேன்" என்றாள் அணில்.

"கால்?"

"காலைக் குத்தம் சொல்ல முடியாது. மணியும் கரெக்டா அடிச்சாங்க. முன்னாடி அஞ்சு முதுகு. ஒண்ணுகூடத் தெரிஞ்ச முதுகு இல்ல. எவ எப்ப எடுப்பா, எந்தத் தோள் எப்பத் தூக்கும், ஒண்ணும் புரியல. கடைசி நூறு மீட்டர்ல, இங்க நீ இருந்திருந்தா..." நிறுத்திக்கொண்டாள்.

"அந்த விளையாட்டு வேண்டாம்னு சொன்னியே."

"வேண்டாம்தான். வாயால வேண்டாம்." அணில் பையைத் திறந்தாள். உள்ளே அவளுடைய ஸ்பைக்ஸ். அதன் மேல் ஒட்டகத்தின் ஸ்பைக்ஸ், லேஸ் இரண்டும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருந்தது. "உங்க வீட்டுக்குப் போயிருந்தேன். உங்கப்பாதான் பரண்ல ஏறி எடுத்துக் குடுத்தார். நமக்கு ஒரு ரவுண்டு பாக்கி இருக்குடீ. அந்த நூலகர் முழுங்கினது. நானூறு மீட்டர்."

ஒட்டகம் லேஸ் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு. எட்டு வாரம் ஆச்சு."

"எனக்கும் ஒரு தொடை பாதிதான். சரிக்குச் சரி. ஆனா இந்தத் தடவை தோளைத் தூக்கணும். மிச்சம் வெச்சேன்னா கொன்னுடுவேன்."

கடையின் உள்பக்கம் சித்தப்பா விளக்கடியில் ஒரு வில்லையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் தேய்த்திருக்கிறார்.

"சித்தப்பா, ஒரு ரவுண்டு பாக்கி இருக்கு. போயிட்டு வந்துடறேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"ஒரு நிமிஷம் நாலு நொடி" என்றாள் அணில்.

"எனக்கு மூணு" என்றாள் ஒட்டகம்.

இருவரும் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். தெருவில் யாருக்கு எவ்வளவு என்று சத்தமாகத் தர்க்கம் செய்துகொண்டே போவது கேட்டது. சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.